கப்பல் மணி, தீவு மணி

உங்க வீட்டுக்காரர் போய் அந்தக் கால்சட்டையை மாத்திட்டு வரட்டும்மா. பயமுறுத்தறதுக்காகச் சொல்லலை. பச்சையும் மண் நிறமுமா பட்டாளத்துக்காரங்க போடுற அந்த டிசைனை இந்தத் தீவில சாதாரண ஜனங்க போடக் கூடாது. சட்டம். குழந்தைக்குக்கூடப் போடக் கூடாது. போன மாசம் ஒரு வெள்ளைக்காரரைப் போலீஸ் நிறுத்திட்டாங்க. அவர் எதிர்க்கடையில ஒரு துண்டு வாங்கி இடுப்பில கட்டிட்டுக் கப்பலுக்குத் திரும்பிப் போனார். அதான் கூப்பிட்டேன். நீங்க அவரைத் தமிழ்ல கடிஞ்சது காதில விழுந்துச்சு, அதுக்கப்புறம் எப்படிச் சும்மா இருக்கிறது.

அவர் உங்க உல்லாசக் கப்பல்ல ஏறி இறங்க அரை மணியாவது ஆகும், வரிசையைப் பாருங்க. உட்காருங்க. நாற்காலி என்னுதுதான், நான் நின்னே பழகிட்டேன்.

என் பேரு ஹெப்சிபா. ஊரு பாளையங்கோட்டை. இங்க எல்லாருக்கும் மிஸ் ஹெப். இந்த மஞ்சச் சட்டை சுற்றுலா ஆபீஸ்ல குடுத்தது. கப்பல் வர்ற அன்னைக்கு இந்த மேஜையில நின்னு மேப் குடுக்கணும், வழி சொல்லணும், அவ்வளவுதான் வேலை. நான் கொஞ்சம் கூடவே சொல்லிடுவேன்.

முதல்ல ஒண்ணு. யார்கிட்ட எதைக் கேட்டாலும் குட் மார்னிங் சொல்லிட்டுக் கேளுங்க. நம்ம ஊர் மாதிரி, பஸ்ஸு எங்க நிக்கும்னு எடுத்த எடுப்பில கேட்டா பதில் வராது. கோபம் இல்லை, மரியாதை இல்லாத ஆளுன்னு நினைச்சுப்பாங்க. வந்த புதுசுல ரொட்டிக்கடைக்காரம்மா எனக்கு மூணு நாள் முகமே குடுக்கலை, ஏன்னே எனக்குத் தெரியலை. டாக்ஸியில ஏறுறதுக்கு முன்னாடி விலை கேளுங்க, டாலர்னா எந்த டாலர்னும் கேளுங்க, இங்க ரெண்டு டாலர் ஓடுது. கடற்கரையில குளிச்ச உடுப்போட டவுனுக்குள்ள வராதீங்க. அப்புறம் கடற்கரையோரமா சின்ன ஆப்பிள் மாதிரி பச்சைக் காய் காய்ச்ச மரம் நிக்கும், அடிமரத்தில சிவப்பா பட்டை அடிச்சிருப்பாங்க. அதுக்குக் கீழ ஒதுங்காதீங்க. மழை பேஞ்சா இலையில இருந்து சொட்டுற தண்ணி தோலைப் பொத்துப் போகவச்சுடும். நிழல் நல்லா இருக்கேன்னு எத்தனை பேர் போய் உட்கார்ந்துட்டாங்க தெரியுமா.

உங்க கையில வாட்ச் இருக்கில்ல? என்ன மணி காட்டுது? பத்தேகால். எனக்குப் பதினொண்ணேகால். பார்த்தீங்களா, ரெண்டும் சரிதான். உங்களது கப்பல் மணி, என்னுது தீவு மணி. கப்பல் அமெரிக்காவில கிளம்புற துறைமுகத்து மணியிலேயே ஓடும். குளிர்காலத்தில அது எங்களுக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. மார்ச் மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அமெரிக்காக்காரங்க கடிகாரத்தை ஒரு மணி முன்னாடி தள்ளி வச்சுப்பாங்க. இங்க யாரும் தள்ளி வைக்கிறதில்லை. அன்னையிலிருந்து ரெண்டும் ஒண்ணாயிடும். நீங்க வாட்ச்சை மாத்தவே மாத்தாதீங்க. கப்பல் மணி என்னவோ அதுதான் உங்களுக்கு மணி. செல்போனை நம்பாதீங்க, அது தீவு மணிக்குத் தானா மாறிக்கும்.

இதை நான் எல்லார்கிட்டயும் ரெண்டு தடவை சொல்லுவேன். போன வருஷத்திலிருந்து ரெண்டு தடவை.

இல்லம்மா, தனியாத்தான். என் வீட்டுக்காரர் இங்க மெடிக்கல் காலேஜ்ல அனாடமி வாத்தியாரா இருந்தார், எட்வின் சார்னா இன்னும் பழைய டாக்ஸிக்காரங்களுக்குத் தெரியும். அப்ப நம்ம தமிழாளுங்க பதினோரு குடும்பம் இருந்தோம். கிறிஸ்மஸுக்கு முறுக்குச் சுட்டா பக்கத்து மலை வரைக்கும் வாசனை போகும். அவர் ஒன்பது வருஷம் முன்னாடி ஹார்ட் அட்டாக்ல போயிட்டார். மறு வருஷம் புயல் வந்துச்சு, காலேஜ் கட்டடம் கூரையில்லாம நின்னுது, காலேஜை வேற தீவுக்கு மாத்திட்டாங்க. மத்த பத்துக் குடும்பமும் ஒண்ணொண்ணா பெட்டி கட்டிச்சு. நான் இருந்துட்டேன். பிள்ளைங்க கிடையாது. ஊருக்குப் போகணும்னு நான் முடிவு பண்றதுக்குள்ள அங்க எனக்காகக் கதவு திறக்க ஆள் இல்லாமப் போச்சு. ஆனா எனக்கு இங்க ஒரு குறையும் இல்லை. காலையில கோழி கூப்பிடுது, சாயங்காலம் ரேடியோ பேசுது. நான் பழகிட்டேன்.

போன சீசன்ல, நவம்பர் கடைசி, ஒரு செவ்வாய்க்கிழமை. இதே மேஜை. கப்பல் சிப்பந்திங்க இறங்கி வைஃபை தேடி ஓடுவாங்கல்ல, அதில ஒருத்தர் போன்ல பேசிட்டுப் போனார். "சாப்பிட்டாளா, மருந்து குடுத்தியா"ன்னு. தூத்துக்குடிப் பக்கத்துப் பேச்சு. கையில இருந்த மேப்பெல்லாம் கீழ விழுந்துடுச்சு. அவரே குனிஞ்சு பொறுக்கிக் குடுத்தார். தம்பி எந்த ஊருன்னேன். மணப்பாடுன்னார்.

பேரு பெலிக்ஸ் கொரேரா. முப்பத்தாறு வயசு. கப்பல்ல லாண்டரி. உங்க ரூம்ல தினமும் வெள்ளை வெளேர்னு துண்டு மடிச்சு வச்சிருப்பாங்கல்ல, அது கீழ தண்ணி மட்டத்துக்கும் கீழ ஒரு அறையில இருந்து வருது. ஜன்னல் கிடையாது. பெலிக்ஸுக்குப் பகல் எது ராத்திரி எதுன்னு மெஷின் சொன்னாத்தான் தெரியும். தூங்குற அறையில நாலு பேர், நாலு பேருக்கும் வேற வேற ஷிஃப்ட். யாருக்காவது அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும்.

அடுத்த செவ்வாய் வீட்டுக்குச் சாப்பிட வாங்கன்னு சொன்னேன். வரமாட்டார்னுதான் நினைச்சேன். வந்தார். பஸ்ல இருபது நிமிஷம், மலை மேல என் வீடு, வராந்தாவில நின்னா துறைமுகம் முழுக்கத் தெரியும். சீலா மீன் குழம்பு வச்சிருந்தேன். கறிவேப்பிலை என் தொட்டியில வளர்ந்தது. ரெண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுட்டு, கை கழுவாம, காய்ஞ்ச கையோட உட்கார்ந்து என் வைஃபையில பிள்ளையைக் கூப்பிட்டார். அங்க ராத்திரி ஒன்பதரை. நாலு வயசுப் பொண்ணு, தூங்காம முழிச்சிருந்துச்சு. என்னைக் காட்டி, இது யாருன்னு கேட்டுச்சு. தீவு அத்தைன்னு சொல்லிக் குடுத்தார்.

அப்புறம், "அக்கா, ஒரு ரெண்டு மணி நேரம் படுத்துக்கட்டுமா"ன்னு கேட்டார். எட்வின் சார் புஸ்தகம் இருக்கிற பின் அறையில ஒரு கட்டில் கிடக்கு. ஜன்னலைத் திறந்து வச்சேன். அலாரம் வைக்கிறீங்களான்னு கேட்டதுக்கு, அலாரம் இல்லாம ஒரு நாள் எழுந்திரிக்கணும்க்கா, நீங்களே எழுப்பிவிடுங்கன்னார். போனை ஹால்ல சார்ஜ்ல போட்டுட்டுப் போய்ப் படுத்துட்டார்.

அவருக்குக் கப்பல் மணி நாலுக்குள்ள ஏறியாகணும். தீவு மணியில அஞ்சு. நான் என் கடிகாரத்தில நாலு அடிச்சதும் டீ போட்டுக் கதவைத் தட்டுவேன். எழுந்து, டீ குடிச்சு, பஸ் பிடிச்சுப் போயிடுவார். அப்படியே ஒவ்வொரு செவ்வாயும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. திங்கக்கிழமையே நான் தேங்காய் திருகி வச்சுடுவேன். அவர் தூங்குறப்ப நான் சத்தம் போடாம ஹால்ல உட்கார்ந்திருப்பேன். சும்மா உட்கார்ந்திருக்கிறதுதான். வீட்டில இன்னொருத்தர் மூச்சு விடுறாங்கன்னா வீடே வேற மாதிரி இருக்கும்மா. ஃபேன் சத்தம்கூட வேற.

மார்ச் முதல் செவ்வாய் பெலிக்ஸ் ரொம்ப சந்தோஷமா வந்தார். ஏப்ரல் ரெண்டாவது வாரத்தோட கான்ட்ராக்ட் முடியுதாம். ரெண்டு மாசம் வீடு, அதுக்கப்புறம் வேற கப்பல், பனிக்கட்டி மிதக்குற ஊர்ப்பக்கம். பிள்ளைக்கு வாங்கின சிவப்பு ஷூவைக் காட்டினார், உள்ளங்கை அகலம்தான் இருந்துச்சு. நல்லதுப்பான்னு சொன்னேன். எனக்கும் சந்தோஷந்தான். ஏன் இல்லாம. இன்னும் எத்தனை செவ்வாய்னு மட்டும் காலண்டர்ல பார்த்தேன். அஞ்சு.

அடுத்த செவ்வாய் வந்தார். அந்த ஞாயித்துக்கிழமைதான் அமெரிக்காவில மணியை மாத்தியிருந்தாங்க. ராத்திரி ஒரு மணி நேரத் தூக்கம் போயிடுச்சுன்னு கண்ணெல்லாம் சிவந்து கிடந்தார், சரியாச் சாப்பிடக்கூட இல்லை. படுக்கப் போறப்ப சொன்னாராம், இன்னைக்கு மூணு மணிக்கு எழுப்புங்கக்கா, கப்பல் மணி மாறிடுச்சுன்னு. நான் கேட்டேனான்னா... குழாய் திறந்திருந்துச்சும்மா. பாத்திரம் கழுவிட்டிருந்தேன். ம்னு சொன்னேன்னு அவர் சொல்றார். சொல்லியிருப்பேன். ம்னுதான் எல்லாத்துக்கும் சொல்றோம்.

நாலு மணிக்கு டீ போட்டுத் தட்டினேன்.

எழுந்து உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடினார். பக்கத்து வீட்டு அல்ஃபோன்ஸ் பிக்கப் வண்டியில கூட்டிட்டுப் போனார், நானும் பின்னாடி ஏறிக்கிட்டேன். வளைவெல்லாம் ஹாரன் அடிச்சிட்டே வந்தோம். இந்த கேட்டுக்கு வர்றப்ப நாலு இருபத்தஞ்சு. ஏணியைத் தூக்கிட்டாங்க. கயிறு அவிழ்த்துட்டிருந்தாங்க.

கப்பல் வரைக்கும் கடலுக்குள்ள போற இந்தப் பாலம் நீளம் தெரியுதில்ல? அவ்வளவும் ஓடினார். மேல ஒன்பது அடுக்கிலயும் ஜனங்க நின்னாங்க. யாராவது லேட்டா ஓடி வந்தா கப்பல்ல இருக்கிறவங்களுக்கு அது ஒரு வேடிக்கை, தெரியுமா. கைதட்டுறாங்க. விசில் அடிக்கிறாங்க. போன்ல படம் எடுக்கிறாங்க. அவரையும் ஒரு பயணின்னு நினைச்சுட்டாங்க போல. ஓடு ஓடுன்னு கத்தினாங்க. அவர் அந்த முனையில போய் நின்னார். கப்பலுக்கும் அவருக்கும் நடுவுல முதல்ல ஒரு ஆள் நீளத்துக்குத் தண்ணி, அப்புறம் ஒரு பஸ் நீளம், அப்புறம் கேக்கவே வேண்டாம். அவர் துவைச்ச துண்டைத்தான் மேல இருந்து ஆட்டினாங்க. சாயங்காலம் நீங்க மேல நிக்கிறப்ப யாராவது ஓடி வந்தா கைதட்டாதீங்கம்மா. அது மட்டும் எனக்காகச் செய்யுங்க.

துறைமுகத்தில கப்பல் கம்பெனிக்கு ஒரு ஏஜென்ட் இருக்கார், புரோஸ்பர்னு. நல்ல மனுஷர், சர்ச்சில பாடுவார். பெலிக்ஸோட பாஸ்போர்ட்டைக் கப்பல்லேர்ந்து இறக்கி அவர் கையில குடுத்துட்டுப் போயிருந்தாங்க. காகிதம் ஒண்ணு எடுத்து வச்சு, ஏன் லேட்டுன்னு கேட்டார். பெலிக்ஸ் என்னைப் பார்த்தார். ஏஜென்ட்டும் என்னைப் பார்த்தார். நீங்க கூட இருந்தீங்களே மிஸ் ஹெப், என்ன நடந்துச்சுன்னார்.

"அசந்து தூங்கிட்டார் பாவம், அவ்வளவு களைப்பு"ன்னு சொன்னேன்.

பொய் இல்லையே. தூங்கினார்தானே. அவருக்கு இரக்கப்பட்டுத்தான் சொன்னேன். ஏஜென்ட் அதை அப்படியே எழுதினார். தூங்கிவிட்டதால் கப்பலைத் தவறவிட்டார்னு. கம்பெனி ராத்திரிக்குள்ள பதில் போட்டுட்டாங்க, அடுத்த துறைமுகத்தில ஏற வேண்டாம், ஊருக்கு அனுப்பிடுங்கன்னு. திங்கக்கிழமைதான் ப்ளேன்ல இடம். அதுவரைக்கும் என் வீட்டில இருக்கட்டும்னு நான்தான் கேட்டேன்.

ஆறு நாள். சொன்னா தப்பா நினைக்காதீங்க, நான் நல்லா இருந்தேன். காலையில ரெண்டு பேருக்குக் காபி. அவர் என் கூரைத் தகரத்தை இழுத்துக் கட்டினார், புயலுக்கப்புறம் அது காத்தடிச்சா பேசிட்டே இருக்கும். முற்றத்தைக் கூட்டினார். சும்மா இருங்கன்னாலும் கேக்கலை. பிள்ளையை மட்டும் மூணு நாள் கூப்பிடலை. நானே போனை எடுத்து நீட்டினேன், வேண்டாம்க்கான்னுட்டார். வெள்ளிக்கிழமை நான் அவரைத் தீவு சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனேன். நாலு மாசமா வாராவாரம் வந்து போன மனுஷர், என் வீட்டைத் தவிர ஒண்ணும் பார்த்ததில்லை. அருவிக்குப் போனோம், நீங்களும் போங்க, காலையிலேயே போயிடுங்க, மத்தியானம் கூட்டம். கந்தக ஊத்துக்குப் போனோம். நல்லா இருக்கில்லன்னு கேட்டேன். இருக்குக்கான்னார். முழங்கால் மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி பஸ்ல உட்கார்ந்திருந்தார். மலை சுத்தின அலுப்புன்னு நினைச்சேன்.

திங்கக்கிழமை ஏர்போர்ட்டுக்கு அல்ஃபோன்ஸ் வண்டியிலதான் போனோம். ஒரு பை, அந்த ஷூப் பெட்டி. உள்ள போறதுக்கு முன்னாடி என்னை ஓரமாக் கூப்பிட்டார்.

இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லைம்மா. சர்ச்சில சொல்லலை, அல்ஃபோன்ஸுக்குத் தெரியாது. நீங்க சாயங்காலம் கப்பலேறிப் போயிடுவீங்க, அதனால சொல்றேன்.

"மூணு மணிக்கு நீங்க அறை வாசல்ல வந்து நின்னீங்கக்கா. நான் பாதித் தூக்கத்தில பார்த்தேன். அக்கா வந்துட்டாங்க, எழுப்பிடுவாங்கன்னு நினைச்சுக் கண்ணை மூடினேன்"னார்.

நின்னேன்.

குழாய்ச் சத்தத்தில காதில விழலைன்னு சொன்னேனே, விழுந்துச்சு. மூணு மணிக்கு எழுந்து போனேன். கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கையைத் தலைக்கு வச்சுத் தூங்கிட்டிருந்தார். இன்னும் அஞ்சு நிமிஷம்னு நினைச்சேன். அப்புறம் ஹாலுக்கு வந்து உட்கார்ந்துட்டேன். இன்னும் அஞ்சு நிமிஷம். கெடுதல் செய்யணும்னு இல்லம்மா. இன்னைக்கு ஒரு நாள் போகாட்டி என்ன, அடுத்த தீவில போய் ஏத்திக்க மாட்டாங்களா, இப்படி ஏதோ நினைச்சேன். நாலு அடிக்கிற வரைக்கும் நினைச்சிட்டே இருந்தேன்.

ஏஜென்ட்கிட்ட ஏன் சொல்லலைன்னு அவரைக் கேட்டேன். நான் கேக்கக் கூடாத கேள்வி. கப்பல் ஆளை வீட்டில வச்சுக்கிட்டு அனுப்பாம இருந்தீங்கன்னு தெரிஞ்சா உங்களை இந்த வேலையில வச்சிருப்பாங்களான்னு கேட்டார். அது போச்சுன்னா உங்களுக்குப் பேச யாருக்கா இருக்காங்கன்னு கேட்டார். அப்புறம் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, என் முகத்தைப் பார்க்காம, "எழுப்பியிருந்தா அடுத்த செவ்வாயும் வந்திருப்பேனேக்கா"ன்னுட்டு உள்ள போயிட்டார்.

இன்னும் நாலு செவ்வாய் இருந்துச்சு.

அந்தக் கப்பல் இப்பவும் வருது. நம்ம பசங்க இறங்குறாங்க, வைஃபை தேடி ஓடுறாங்க. நான் யாரையும் எந்த ஊருன்னு கேக்கறதில்லை. பெலிக்ஸ் கிறிஸ்மஸுக்கு ஒரு படம் அனுப்பினார், அவரும் பிள்ளையும் கிறிஸ்மஸ் குடில் பக்கத்தில நிக்கிற மாதிரி. மெசேஜ் ஒண்ணும் எழுதலை. ஐஸ் ஃபாக்டரியில லோடு ஏத்துறார்னு படத்தில அவர் போட்டிருந்த கம்பெனிச் சட்டையைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன்.

நேத்து அவர் மனைவி ரெஜினா எழுதியிருந்தாங்க. இதோ, போன்லயே இருக்கு, படிக்கிறேன். "அக்கா, வேற கம்பெனியில இவங்களை எடுக்கிறதாச் சொல்றாங்க. போன கப்பல்ல தூங்கிட்டதா எழுதியிருக்கே, அதுக்கு விளக்கம் கேக்குறாங்க. இவங்க உங்ககிட்ட கேக்க மாட்டாங்க. நான் கேக்குறேன். அன்னைக்கு நடந்ததை நடந்தபடி அந்த ஏஜென்ட் கையால எழுதி வாங்கித் தர முடியுமா. நீங்க நல்லா இருக்கீங்களா. வேளைக்குச் சாப்பிடுங்க."

வேளைக்குச் சாப்பிடச் சொல்லுது அந்தப் பொண்ணு. அதுக்கு எல்லாம் தெரியும், பாருங்க. தெரிஞ்சே எழுதியிருக்கு.

அதோ ஐஸ்கிரீம் கடைக்குப் பக்கத்தில நீலக் கதவு தெரியுதில்ல? அதான் ஏஜென்ட் ஆபீஸ். இருபது அடிகூட இல்லை. பத்து மாசமா அந்தக் கதவைப் பார்த்துட்டுத்தான் நிக்கிறேன். காலையில இருந்து ரெண்டு தடவை அது வரைக்கும் போனேன். முதல் தடவை புரோஸ்பர் என்ன மிஸ் ஹெப்னு கேட்டார், பேனா இருக்கான்னு கேட்டு வாங்கிட்டு வந்துட்டேன். ரெண்டாவது தடவை பேனாவைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தேன். உங்ககிட்ட இப்ப முழுக்கச் சொல்லி முடிச்சேன் பாருங்க. வாய் நிக்கலை, சொல்ல வந்துச்சு. இங்கிலீஷ்லயும் வரும்னு நினைக்கிறேன்.

மஞ்சச் சட்டை போனாப் போகட்டும். போனா என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலை, ஆனா போகட்டும்.

பன்னெண்டு மணிக்கு அவர் சாப்பாட்டுக்குப் பூட்டிட்டுப் போயிடுவார். தீவு மணி பன்னெண்டு. நீங்க எனக்கு ஒரு உதவி செய்யுங்கம்மா. ஒரு பத்து நிமிஷம் இந்த மேஜையைப் பார்த்துக்கங்க. யாராவது வந்தா ஒரு மேப் எடுத்துக் குடுங்க, பெரிசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். மிஸ் ஹெப் எங்கேன்னு கேட்டா, ஏஜென்ட் ஆபீஸ்ல இருக்காங்கன்னு சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டா அதையும் சொல்லுங்க.